தேடி வருபவரின் முகம்

மேசை கற்றுத் தந்தவை – 9

சென்ற வாரம் ஒரு குறிப்பை எப்படி எழுதுவது என்று பார்த்தோம். எழுதிய குறிப்பு வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைத்தால்தான் எழுதியதற்குப் பலன். அப்படிக் கிடைக்கும்படி வைப்பது எப்படி என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மஞ்சள் பை.

1995-ம் ஆண்டு. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம்கூட முடியவில்லை. டெல்டா பக்கத்தில் ஒரு மாவட்ட அலுவலகம். ஆடிக் காற்றுக்குத் தாள்கள் பறக்காமல் இருக்கக் கண்ணாடிக் குண்டு, பஞ்சிங் மெஷின், டிபன் பாக்ஸ் என்று அகப்பட்டதையெல்லாம் அவற்றின்மேல் வைத்திருந்தேன். மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஓர் அம்மா என் மேசை முன் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும்.

“சார், எங்க வீட்டுக்காரரோட அரியர் பணம் விஷயமா மாசி மாசம் மனு கொடுத்திருந்தேன். என்ன ஆச்சுங்க?”

முகம் நினைவிருந்தது. மனுவும் நினைவிருந்தது. பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஓர் அலுவலக உதவியாளரின் மனைவி அவர். கணவருக்கு வரவேண்டிய ஊதிய நிலுவையைக் கேட்டு, வாரிசுச் சான்றிதழின் அசலையும் இணைத்துக் கொடுத்திருந்தார். வாங்கியது நான்தான். எங்கே வைத்தேன் என்பதுதான் நினைவில் இல்லை.

“பார்த்து வைக்கிறேம்மா. அடுத்த வாரம் வாங்க.”

அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி வரவேண்டும். மூன்றாவது முறையும் நான் அதே பதிலைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“தம்பி, தொலைஞ்சு போயிருந்தா சொல்லிடுங்க. திட்டமாட்டேன். திரும்பவும் தாலுகா ஆபீசுக்கு அலைஞ்சு வாங்கிட்டு வந்துடறேன்.”

அதுவரை ‘சார்’ என்றவர் அன்றைக்குத் ‘தம்பி’ என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பக்கத்து மேசையிலிருந்த எங்கள் கண்காணிப்பாளர் மேடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா போனதும், “தன்பதிவேட்டை எடுத்துட்டு வாப்பா” என்றார். ஒவ்வொரு எழுத்தரும் தன்னிடம் வரும் தபாலை வரிசையாகப் பதிந்துவைக்கும் ஏடு அது. மாசி மாதப் பக்கங்களைத் திருப்பினார். பொருள் என்ற கட்டத்தில் ‘மனு’ என்று எழுதியிருந்தேன். அதற்கு மேல் வரியிலும் ‘மனு’. கீழேயும் ‘மனு’. விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். அந்த ஒரு மாதத்தில் முப்பத்தொரு வரியில் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதிவறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

பதிவறை அண்ணன் இருபது வருடமாக அங்கேயே இருப்பவர். கூரை உயரத்துக்கு இரும்பு அலமாரிகள், துணியில் கட்டிய கோப்புக் கட்டுகள், அந்துருண்டை வாசனை. “நம்பர் சொல்லுங்க தம்பி, நிமிஷத்துல எடுத்துடறேன்” என்றார். நம்பர் தெரியவில்லை. “சரி, பொருள் என்ன? எந்த மாசம் முடிச்சீங்க?” அதற்கும் என்னிடம் பதில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். நானும் கூடவே தேடினேன். இரண்டரை நாள் ஆயிற்று.

கிடைத்த இடம் எதுவென்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மேசை, நாற்காலி பழுதுபார்த்த கடைக்காரருக்குத் தரவேண்டிய நிலுவை பற்றிய ஒரு கோப்பு. இரண்டும் நிலுவைதானே என்று, ஏதோ ஓர் அவசரத்தில் அந்த அம்மாவின் மனுவையும் அதில் டேக் போட்டுக் கோத்திருக்கிறேன். கடைக்காரருக்குப் பணம் கொடுத்தவுடன் கோப்பை முடித்தும் விட்டேன். அதுவும் ‘ஓராண்டு முடிவு’ என்ற வகையில். ஓராண்டு கழிந்தால் அழித்துவிடலாம் என்று பொருள். இன்னும் சில மாதம் போயிருந்தால் ஒரு குடும்பத்தின் அசல் சான்றிதழ் பழைய பேப்பரோடு போயிருக்கும். கெட்ட எண்ணம் கொண்டவர் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார். சோம்பலாக எழுதிய ஒற்றைச் சொல் செய்திருக்கும்.

அன்று சாயங்காலம் மேடம் சொன்னதுதான் இந்த அத்தியாயம் முழுவதும்.

“நீ இதை உனக்காக எழுதியிருக்கே தம்பி. நமக்குத்தான் தெரியுமேன்னு ‘மனு’ன்னு போட்டுட்டே. நாளைக்கு நீ லீவுல இருப்பே, மாறுதல்ல போயிருப்பே. இங்க வந்து தேடுறது வேற ஒருத்தர். அவங்க முகத்தை மனசுல வச்சுக்கிட்டு எழுது.”

கோடு போட்ட ஒரு வரி

மறுநாள் அந்த மனுவுக்குத் தனிக் கோப்பு தொடங்கினேன். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து பொருள் வரியை எழுத வைத்தார்.

பொருள்: பணியமைப்பு – ஊதிய நிலுவை – பணியிடையில் காலமான அலுவலக உதவியாளர் – வாரிசுதாரருக்கு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

அரசுக் கடிதம் எதையாவது நீங்கள் வாங்கியிருந்தால், மேலே இப்படி ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலருக்கு அது வெறும் சடங்காகத் தோன்றும். நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு படி உள்ளே இறங்குகிறோம். முதலில் எந்தத் துறை, பிறகு அதில் எந்தப் பிரிவு, யாரைப் பற்றியது, என்ன கேட்கிறார்கள். ஊர், தெரு, வீடு, அறை என்று ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துப்போவது மாதிரி. எந்தப் படியில் நின்றும் தேடலாம். ‘ஊதிய நிலுவை’ என்று தேடி வருபவருக்கும் கிடைக்கும், ‘வாரிசுதாரர்’ என்று தேடி வருபவருக்கும் கிடைக்கும்.

அஞ்சல் குறியீட்டு எண்ணும் இதே வழிதான். 1972-ல் வந்த அந்த ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாட்டு எண்கள் எல்லாம் 6-ல் தொடங்கும். முதல் மூன்று இலக்கம் சேர்ந்தால் பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்றும் அஞ்சல் நிலையம். நம் எழுத்து புரியாவிட்டாலும், மொழி தெரியாவிட்டாலும், அந்த எண் கடிதத்தை நம் தெருவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிடும்.

இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவர் எங்கள் டெல்டாக்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வகுப்பறைக் கலகலப்பில் பழகியவருக்கு ஆளரவமற்ற நூலகம் பிடிக்கவில்லை. பழைய வேலைக்கே திரும்பிவிட நினைத்தார். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்றதும்தான் மனம் மாறியது. அங்கே ஒரு கடையில் ‘மெக்கானோ’ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் பாலம் வரும், வண்டி வரும், பளுதூக்கி வரும். அறிவையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டிக் காட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘கோலன்’ பகுப்பு முறை. 1933-ல் நூலாக வந்தது. நாம் பொருள் வரியில் சிறு கோடு போடுகிற இடத்தில் அவர் முக்காற்புள்ளி வைத்தார்.

அதற்கு முன்பே, 1931-ல், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று போகும் அந்த வரிசையில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. பல வருடம் கழித்து அதைப் படித்தபோது எனக்கு எங்கள் மேடத்தின் குரல் கேட்டது. இரண்டு பஸ் மாறி வந்த அந்த அம்மாவின் மூன்று நாள்கள் கண்முன் வந்தன.

நினைவை நம்பாதே

பொருள் வரி சரியானதும், மேடம் என்னைத் தன்பதிவேட்டுக்குத் திருப்பினார். அவர் வைத்த ஒரே கட்டளை, “வந்த தபாலை வந்த அன்னைக்கே பதி.” வந்த நாள், யாரிடமிருந்து, பொருள், என்ன நடவடிக்கை, என்று முடிந்தது, எப்படி முடிந்தது. ஒரு தபாலுக்கு ஒரு வரி. முடிந்தவற்றுக்கு எதிரே முடிவு விவரம் இருக்கும். முடியாதவற்றுக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமைதான் அந்த ஏட்டின் உயிர். பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அது நம்மைப் பார்க்கும். ஆண்டு திரும்பும்போது, முடியாதவற்றைப் புதிய ஏட்டுக்கு எடுத்து எழுதுவோம். அதே வரியை இரண்டாவது தடவை கையால் எழுதும்போது, ‘இதை ஏன் ஒரு வருடம் வைத்திருந்தோம்’ என்ற கேள்வி தானாக வரும்.

நான் நல்ல ஞாபகசக்திக்காரன் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவன். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது என்பதை அந்த ஏடு உணர்த்தியது. ஞாபகம் நமக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளும், அலுப்பூட்டுவதை நழுவவிடும். ஆனால் அலுப்பூட்டும் தபாலுக்குப் பின்னாலும் ஒரு வீடு காத்திருக்கிறது.

1996-லிருந்து என் சொந்த வாழ்க்கைக்கும் ஒரு தன்பதிவேடு வைத்திருக்கிறேன். நாற்பது பக்க நோட்டுதான். யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தேன், எப்போது கொடுத்தேன் என்று இடது பக்கம். செய்து முடித்த நாள் வலது பக்கம். அண்ணன் மகனுக்குக் கல்லூரி விண்ணப்பம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னது, பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதாகச் சொன்னது, எல்லாம் அதில் உண்டு. முதல் வருடம் வலது பக்கம் பாதிக்கு மேல் காலி. என்னை நான் எவ்வளவு நல்லவனாக நினைத்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு செய்தேன் என்பது இரண்டு பக்கமாக விரிந்து கிடந்தது. அந்த வருடம்தான் வாய்ச்சொல்லைக் குறைத்துக்கொள்ளக் கற்றேன். முடியாது என்றால் முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடுவேன். சொன்னதைச் செய்துவிடுவேன்.

ஒன்று, மூன்று, பத்து, நிரந்தரம்

கோப்பை முடிக்கும்போது எழுத்தர் ஒரு முடிவு எடுக்கவேண்டும். இதை எத்தனை நாள் வைத்திருப்பது? ஓ.மு. என்றால் ஓராண்டு. மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. நிரந்தரம். சில கடிதங்களில் எண்ணுக்கு முன்னால் நீங்கள் பார்க்கும் எழுத்துகள் இவைதான்.

இந்த ஏற்பாட்டின் அருமை என்னவென்றால், என்றோ ஒருநாள் அறை நிரம்பி வழியும்போது எதை எறிவது என்று திணறுவதில்லை. விஷயம் முழுவதும் மனதில் பசுமையாக இருக்கும்போதே, முடித்த கையோடு தீர்மானித்துவிடுகிறோம். அதனால்தான் அந்த இரண்டு எழுத்தைப் போடும் முன் கோப்பின் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்க்கவேண்டும். அந்த அம்மாவின் சான்றிதழ் விஷயத்தில் நான் செய்யத் தவறியதும் அதுதான். மேல் தாளைப் பார்த்தேன், கடைக்காரர் கணக்கு முடிந்தது, ஓ.மு. போட்டேன்.

வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். கரண்ட் பில் ரசீது ஓராண்டு. வருமான வரி, வங்கிக் கடன் தாள்கள் பத்தாண்டு. கிரயப் பத்திரம், பட்டா, பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள் நிரந்தரம். காலத்துக்கு ஒன்றாக நான்கு உறை போதும். எந்த உறையில் எது என்று முன்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டி, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். குடும்பத் தலைவர் திடீரென்று போய்விட்ட வீடுகளில், துக்கத்தோடு துக்கமாக மூன்று பீரோவைக் கொட்டித் தேடும் பெண்களை இந்த வேலையில் நிறையவே பார்த்துவிட்டேன். எங்கே இருக்கிறது என்று தெரியாததாலேயே வரவேண்டிய பணம் வருடக்கணக்கில் தள்ளிப்போகும். அந்த நான்கு உறைகள் நாம் விட்டுப்போகும் அன்பு.

மனதுக்குள்ளும் கோப்புகள் உண்டு. எல்லோர் முன்னிலையிலும் அதிகாரி ஒருவர் கடிந்துகொண்டதை நான் வெகுநாள் நிரந்தரக் கட்டில் வைத்திருந்தேன். ஒருநாள் அதையும் முழுவதுமாகப் புரட்டிப் பார்த்தேன். அவர் குரல், சுற்றி நின்றவர்களின் பார்வை, என் அவமானம் எல்லாவற்றையும் தள்ளினால், உள்ளே ஒரே ஒரு தாள் மிஞ்சியது: ‘கூட்டலை இரண்டு முறை சரிபார்.’ அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை ஓ.மு. போட்டு அனுப்பினேன்.

இருப்புக் கோப்பு

ஒவ்வொரு பிரிவிலும் இருப்புக் கோப்பு என்று ஒன்று உண்டு. ஒரு பொருள் பற்றி அவ்வப்போது வரும் அரசாணைகள், தெளிவுரைகள், விதித் திருத்தங்கள் எல்லாவற்றின் நகலும் அதில் சேரும். பழைய ஆணையை மாற்றிப் புதிய ஆணை வந்தால், பழையதன் ஓரத்தில் புதியதன் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லாத விதியைக் காட்டி ஒருவருக்கு உரியதை மறுத்துவிடுவோம்.

சேர்ந்த புதிதில், சந்தேகம் வந்தால் மேடத்திடம் ஓடுவேன். அவர் பதில் சொல்லமாட்டார். “இருப்புக் கோப்பைப் பாரு” என்பார். எடுத்துப் படித்து, பக்கத்தில் ஃபிளாக் வைத்து, குறிப்போடு அவருக்குப் புட்-அப் பண்ணவேண்டும். முதலில் வருத்தமாக இருந்தது. ஆறு மாதத்தில் மற்ற பிரிவுக்காரர்கள் என்னிடம் விதி கேட்டு வர ஆரம்பித்தார்கள். துறைத் தேர்வுகளுக்கு நான் தனியாக அதிகம் படித்ததில்லை. தினமும் புரட்டிய அந்தக் கோப்புதான் படிக்க வைத்தது.

பணிப்பதிவேட்டில் என் ஊதிய உயர்வு, விடுப்பு, பதவி உயர்வு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. நான் என்ன கற்றேன் என்பதற்கு அதில் பக்கமில்லை. அதற்காகவே ஓர் இருப்புக் கோப்பு வைத்துக்கொண்டேன். செய்த தவறு, அதன் காரணம், அடுத்த முறை என்ன செய்யவேண்டும் என்று மூன்று வரி. நேற்றைய புரிதல் இன்று மாறினால், பழைய வரியை அடிக்காமல் ஓரத்தில் புதிய பக்க எண். ரங்கநாதனின் ஐந்தாவது விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. எந்த மனிதருக்கும் அது பொருந்தும். பழையதை மறைக்காமல், புதியதை அதனோடு பூட்டிக்கொண்டே போவதைத்தான் வளர்ச்சி என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே, தட்டினால் வந்துவிடாதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். தட்டினால் வரும், தட்டும் சொல்லை யாராவது உள்ளே வைத்திருந்தால். சமீபத்தில் ஒரு தம்பியின் கணினியில் ஓர் ஆணையைத் தேடினோம். ‘ஸ்கேன் 17’, ‘ஸ்கேன் 18’, ‘புது லெட்டர்’, ‘புது லெட்டர் ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று திரை முழுக்க இருந்தது. 1995-ல் நான் எழுதிய ‘மனு’க்கள் முப்பத்தொன்றும் எதிரே வந்து நின்றது போலிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் போட்டோவாக வரும் சுற்றறிக்கைக்கும் இதே கதிதான். மூன்று நாளில் காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடுகிறது. ஆண்டு, மாதம், நாள், பொருள், யாருக்கு என்று பெயர் வைத்துச் சேமிக்க இருபது விநாடி ஆகும். அந்த இருபது விநாடியை எந்த இயந்திரமும் நமக்காகச் செலவழிக்காது.

2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதன் நான்காவது பிரிவின் தொடக்கத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்திப் பராமரிக்கவேண்டும் என்கிறது அது. கேட்டவுடன் கொடுக்கவேண்டுமானால் கேட்பதற்கு முன்பே அடுக்கி வைத்திருக்கவேண்டும். ஒரு குடிமகனின் உரிமை, ஓர் எழுத்தரின் பொருள் வரியில் போய் நிற்கிறது.

ஒப்படைப்பு

நான் முதன்முதலில் அந்த மாவட்ட அலுவலக இருக்கைக்கு வந்தபோது எனக்கு முன்பு இருந்தவர் ஒரு சாவிக்கொத்தை மட்டும் கொடுத்துவிட்டு மாறுதலில் போனார். எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் பஸ் ஏறிப் போனேன்.

2019-ல் பதவி உயர்வில் வேறு மாவட்டத்துக்குப் போகும்போது, எனக்குப் பின் வந்த தங்கச்சியிடம் பதினொரு பக்கப் பட்டியல் கொடுத்தேன். நிலுவையிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் பொருள், கடைசியாக நடந்தது, அடுத்து செய்யவேண்டியது, எந்தத் தேதிக்குள். எழுதி முடிக்க நான்கு சாயங்காலம் ஆனது. ஒவ்வொரு வரியையும் அவர் முகத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். “எப்ப வேணும்னாலும் போன் பண்ணும்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் வாரம் போன் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை. தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லத்தான் அழைத்தார். பேசி முடிக்கும்போது, “கோப்பு எதுக்கும் தேட வேண்டியிருக்கல சார், அதான் உங்களைத் தொந்தரவு பண்ணல” என்றார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த மஞ்சள் பை அம்மாவிடம், ஐப்பசியில் நிலுவைப் பணத்துக்கான ஆணையைக் கொடுத்தபோதுகூட நிமிர்ந்து முகம் பார்க்கக் கூசியவன் நான். அன்றைக்குத்தான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்த மாதிரி இருந்தது.

(அடுத்த வாரம்: ‘கூட்டம் முடிந்த பிறகு எழுதும் அரைப் பக்கம்’)